கூட்டம் கலைந்த பிறகும் உடன் நின்றவர்களுக்கு

அன்புள்ளவர்களுக்கு வணக்கம்.

2023 செப்டம்பரில் எனக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு முன் ஒன்பது வருடம் டயாலிசிஸ். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். "கிடைச்சிருக்கு, உடனே வாங்க" என்று அழைப்பு வந்த இரவில் சிங்கப்பூர் ஈசூனில் உள்ள எங்கள் வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை. அந்த வாரம் வாழ்த்துச் சொன்ன எல்லாருக்கும் அப்போதே நன்றி சொல்லிவிட்டேன். இந்த மடல் அதற்குப் பிறகு வந்த நாட்களுக்காக.

முதலில் கை நடுங்கத் தொடங்கியது. புதிய உறுப்பை உடம்பு எதிர்க்காமல் இருக்கத் தருகிற டாக்ரோலிமஸ் மருந்தின் பக்கவிளைவு அது. நான் தேக்கா நிலையத்தின் மாடியில் ரவிக்கை தைக்கிறவள். வீட்டில் உட்கார்ந்து ஊசி கோர்த்துப் பார்த்தேன். நூல் முனையை நாக்கில் நனைத்து, முழங்கையை மேசையில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கொண்டுபோனால், ஊசிக் காதருகே போனதும் விரல் விலகிவிடும். தீபாவளிக்காக வாங்கி வைத்த இருபத்தாறு ரவிக்கைத் துணிகள் கடையில் அப்படியே கிடந்தன. பக்கத்துக் கடைத் தங்கச்சி, தன் வேலையே தலைக்குமேல் இருக்கும்போது, அத்தனையையும் எடுத்துப்போய் ராத்திரி ராத்திரியாகத் தைத்து முடித்தார். ரசீதில் என் கடைப் பெயர். கூலி முழுவதும் ஓர் உறையில் என் மகளிடம் வந்து சேர்ந்தது. "அக்கா திரும்பி வரும்போது கஸ்டமர் இருக்கணும்ல" என்றாராம். அந்தப் பணத்தில்தான் தங்கச்சி, அந்த மாத மருந்து வாங்கினோம்.

டிசம்பரில் பெரிய அடி விழுந்தது. கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு; அது ஏறினால் சிறுநீரகம் தளர்கிறது என்று பொருள். 110-இல் இருந்த அது இரண்டே வாரத்தில் 190-ஐத் தொட்டது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ரத்தப் பரிசோதனை மட்டும்தான் சொன்னது. திசு எடுத்துப் பார்த்தார்கள். உடம்பு சிறுநீரகத்தை எதிர்க்கத் தொடங்கியிருந்தது. மூன்று நாள் நரம்பு வழியாக ஸ்டீராய்டு ஏற்றினார்கள். தூக்கம் போனது, சர்க்கரை ஏறியது, வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொள்ளவும் பழக வேண்டியதாயிற்று.

அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். யாரோ ஒருவர் இறந்து, அவர் வீட்டார் அழுதுகொண்டிருந்த நாளில் எனக்கு வந்தது இந்தச் சிறுநீரகம். அதைக் காப்பாற்றத் தெரியாமல் கெடுத்துவிட்டேனோ என்ற நினைப்பைத்தான் தாங்க முடியவில்லை. பார்க்க வந்தவர்களில் சிலர் "என்ன சாப்பிட்டீங்க, மருந்தை மறந்துட்டீங்களா" என்று கேட்டார்கள். அக்கறையில் கேட்டதுதான், ஆனாலும் வலித்தது. இரவுப் பணியில் இருந்த கேரளத்துத் தாதி என் குறிப்பேட்டை வாங்கினார். காலை எட்டு, இரவு எட்டு என்று மகள் கட்டம் போட்டுத் தந்த நோட்டு அது. ஒவ்வொரு பக்கமாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. வெளியாள்னு நினைச்சு உங்க உடம்பு துரத்துது, அதோட வேலை அது. நீங்க ஒரு தப்பும் செய்யலை" என்றார். தங்கமே, அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் விடியும்வரை கிடந்தேன்.

முன்பு டயாலிசிஸ் நிலையத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த அண்ணன் மறுநாள் என்னைப் பார்க்க வந்தார். அவருக்கும் முன்பு மாற்றுச் சிறுநீரகம் வைத்து, எட்டு வருடம் ஓடி, பிறகு நின்றுவிட்டது. "மறுபடி அந்த நாற்காலிக்கே வந்துடுவேனோன்னு பயமா இருக்குண்ணே" என்றேன். "நான் வந்தேனேம்மா. ஒரு வாரம் அழுதேன். அப்புறம் அந்த நாலு மணி நேரத்துக்குப் புத்தகம் தேட ஆரம்பிச்சேன். நீ வந்தா பக்கத்துலதான் இருப்பேன், வராட்டி எனக்கு இன்னும் சந்தோஷம்" என்றார். அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது. கிரியேட்டினின் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 135-க்கு இறங்கி நின்றது, இன்றும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது.

எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டியைச் சொல்லாமல் விட முடியாது. ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் அவர் பம்பளிமாஸ் தருவார். டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறவர்களுக்கு அது ஆகாது, ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். எப்படி வேண்டாம் என்று சொல்வது என யோசித்துக்கொண்டிருந்தேன். 2024 பிப்ரவரியில் அவர் கொண்டுவந்த சிவப்புப் பையில் மாண்டரின் ஆரஞ்சு மட்டும் இருந்தது. என்னென்ன சாப்பிடக்கூடாது என்று மகளிடம் முன்பே கேட்டு வைத்திருக்கிறார். பேரனுக்குச் சளி என்று முகக்கவசம் போட்டுக்கொண்டு, பையைக் கம்பிக் கதவில் மாட்டிவிட்டு, தள்ளி நின்றே வாழ்த்தினார்.

ஏப்ரலில் சைட்டோமெகலோ வைரஸ் தொற்று வந்து மறுபடி பத்து நாள் வார்டு. பெரும்பாலோர் உடம்பில் சத்தமில்லாமல் கிடக்கும் கிருமிதான். எதிர்ப்புச் சக்தியை மருந்தால் குறைத்து வைத்திருக்கிற எங்களைப் போன்றவர்களிடம் தலைதூக்கும். அப்போது என் கணவருக்காகத் தங்கள் வேலைநேரத்தை மாற்றிக்கொண்ட பேருந்துப் பணிமனைத் தோழர்களே, உங்களில் பலரை நான் பார்த்ததுகூட இல்லை. நன்றி.

எனக்கு உறுப்பு தந்தவர் ஆணா பெண்ணா, எந்த இனம் என்று எதுவும் தெரியாது. சிங்கப்பூரில் 1987-இல் வந்த மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, மறுப்புப் பதிவு செய்யாதவர்களின் உறுப்பை இறந்தபின் எடுத்துக்கொள்ளலாம். அவர் வீட்டாரே, சட்டம் இருந்தாலும் அவர் படுக்கையருகே நின்றது நீங்கள்தானே. உங்கள் வீட்டுச் சிறுநீரகம் இரண்டு முறை அடி வாங்கியும் வேலை செய்கிறது என்று உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். வெள்ளிக்கிழமை விளக்கில் உங்கள் வீட்டவருக்காக ஒரு திரி கூடப் போடுகிறேன்.

நாளைக் காலை எனக்கு ரத்தப் பரிசோதனை. எட்டு மணி மருந்தை டப்பாவில் எடுத்துப்போய், ரத்தம் எடுத்த பிறகுதான் விழுங்க வேண்டும். அது முடிந்ததும் நேரே டயாலிசிஸ் நிலையத்துக்கு வருகிறேன் அண்ணே. உங்கள் சட்டை தயார். இடது கையை முழுவதும் திறந்து, ஊசி குத்தும் இடத்துக்குத் தடையில்லாமல் பொத்தான் வைத்திருக்கிறேன். கையில் நடுக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தையல் நேராக வந்திருக்கிறது.

நன்றியுடன்,
தேக்கா மாடித் தையல்கடை அக்கா