வெட்டுவதற்கு வசதியாக

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹாலிவுட்டின் பழைய இசை நகைச்சுவைப் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். ஃப்ரெட் அஸ்டேர், ஜீன் கெல்லி, ஜூடி கார்லண்ட் என்ற பெயர்களைப் பார்த்தாலே எனக்கு மனசு நிறைந்துவிடும். ஆனால் கட்டுரையோடு அச்சிட்டிருந்த 'தி பைரேட்' (1948) புகைப்படத்தில் மூன்று பேர் ஆடுகிறார்கள். கீழே கெல்லியின் பெயர் மட்டும் இருக்கிறது, கூட ஆடும் இரண்டு கறுப்பினக் கலைஞர்களின் பெயர் இல்லை. கறுப்பினக் கலைஞர்களுக்கு அன்று இடமில்லை, காலம் அப்படி என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அந்தக் காலத்தோடு அப்போதே மல்லுக்கட்டியவர்கள் இருந்தார்கள். 1942இல் எம்.ஜி.எம். பட நிறுவனம் கறுப்பினப் பாடகி லீனா ஹார்னை ஒப்பந்தம் செய்தது. என் மகளுக்கு வேலைக்காரி வைத்துக்கொடுக்க என்னாலேயே முடியும், அவள் வேலைக்காரியாக நடிக்கத் தேவையில்லை என்று அவருடைய அப்பா ஸ்டுடியோ தலைவர் லூயிஸ் பி. மேயரிடமே பேசினார். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் வால்டர் ஒயிட்டும் லீனாவுக்குத் துணை நின்றார்.

சரி, ஸ்டுடியோ என்ன செய்தது? 'தௌசண்ட்ஸ் சியர்' (1943), 'வேர்ட்ஸ் அண்ட் மியூசிக்' (1948) படங்களைப் பாருங்கள். அழகான கவுனில் லீனா வருவார், பாடுவார், போய்விடுவார். கதையில் ஓடும் காதலுக்கும் கலாட்டாவுக்கும் அவருக்கும் ஒட்டே இருக்காது. இனப் பாகுபாடு கடுமையாக இருந்த அமெரிக்கத் தென் மாநிலத் திரையரங்குகளில் அவர் வரும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு ஓட்ட வேண்டும், வெட்டினாலும் கதை குலையக் கூடாது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. எடுத்து முடித்த படத்தில் தணிக்கைக்காரர் கை வைத்தார் என்றால்கூட ஒருவிதம். இங்கே திரைக்கதை எழுதும்போதே கத்தரிக்கு இடம் விட்டு எழுதியிருக்கிறார்கள். எத்தனை வருடம் ஆனாலும் எனக்கு இது ஆறவில்லை.

ஆற்றுப் படகில் நாடகம் போடும் குழுவைப் பற்றிய 'ஷோ போட்' கதை இன்னும் வலிக்கும். அதில் ஜூலி ஒரு கலப்பினப் பெண். வெள்ளைக்காரி என்று எல்லோரும் நம்பியிருக்க, பிறப்பு அம்பலமானதும் கணவனோடு படகைவிட்டே போக நேர்கிறது. 1946இல் 'டில் தி க்ளவுட்ஸ் ரோல் பை' படத்தில் அந்தக் கதையின் ஒரு பகுதி வர, லீனா ஜூலியாக வந்து ஒரு பாட்டும் பாடியிருந்தார். 1951இல் அதே நிறுவனம் 'ஷோ போட்'டை முழுப் படமாக எடுத்தபோது ஜூலி வேடம் வெள்ளை நடிகையான ஏவா கார்ட்னருக்குப் போனது. திரையில் பாடுவதும் கார்ட்னரின் குரல் இல்லை. அனெட் வாரன் பாடினார். கறுப்பர் வெள்ளையர் ஆண் பெண் உறவைப் படத்தில் காட்டக் கூடாது என்று ஹாலிவுட்டின் அன்றைய தயாரிப்பு விதிகளில் எழுதியே வைத்திருந்தார்கள்.

கட்டுரையாளர் கொண்டாடும் 'ஸ்விங் டைம்' (1936) எனக்கும் பிடித்த படம்தான். அதில் அஸ்டேர் முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு கறுப்பின நடனக் கலைஞர் பில் ராபின்சனுக்கு மரியாதை செய்து ஆடுகிறார். மரியாதை உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ராபின்சன் அப்போது ஹாலிவுட்டிலேயே ஆடிக்கொண்டிருந்தார்! 'தி லிட்டில் கர்னல்' (1935) படத்தில் குட்டி ஷெர்லி டெம்பிளுக்குப் படிக்கட்டில் ஆடக் கற்றுக்கொடுப்பவர் அவர்தான். வேடம் என்னவோ வீட்டு வேலைக்காரர்.

கறுப்பின நடனக் கலைஞர்களான நிக்கோலஸ் சகோதரர்களை இதுவரை பார்க்காதவர்கள் 'ஸ்டார்மி வெதர்' (1943) படத்தின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். கேப் காலோவேயின் வாத்தியக் குழு வாசிக்க, அகலமான படிக்கட்டில் ஒருவர் தலைக்கு மேலாக இன்னொருவர் தாண்டி, கால்களை முழுக்க அகட்டி விழுந்து, கை ஊன்றாமலே எழுந்துவிடுகிறார்கள். அஸ்டேரே வியந்து பாராட்டிய ஆட்டம் அது. இத்தனை திறமை இருந்தும் பெரிய ஸ்டுடியோக்கள் இவர்களை ஒரு பாட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினவே தவிர, கதை சொல்லும் வேடம் கொடுக்கவில்லை.

இந்தப் படங்களை ஒதுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. அடுத்த வாரமும் பார்ப்பேன். தொடரின் அடுத்த பகுதியில் லீனாவுக்கு ஒரு பக்கமாவது கொடுங்கள். அந்தப் புகைப்படத்துக்கும் ஒரு திருத்தம் போடுங்கள்: கெல்லியோடு ஆடுகிறவர்கள் ஃபயார்ட் நிக்கோலஸ், ஹெரால்ட் நிக்கோலஸ்.

அன்புடன்,
நெடுநாள் வாசகி,
திருச்சி