லாஸ்பேட்டை விமானத்தில் ஜன்னல் தந்த அண்ணனுக்கு

போன வாரம் புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து பெங்களூருக்கு அம்மாவோடு போனேன். அம்மாவுக்கு முதல் விமானம். கைப்பை 9 கிலோ; அனுமதி 7தான். கூடுதல் பணம் கட்டப் போனேன். பின்னால் நின்ற அண்ணன், "கவுன்டர்ல ஒப்படைக்கிற செக்-இன் பைக்கு டிக்கெட்லயே 15 கிலோ இருக்கே தம்பி, அதுல போடுங்க. பவர் பேங்கை மட்டும் கையில எடுத்துக்குங்க" என்றார். கவுன்டரில் இருந்தவர் இதைச் சொல்லவே இல்லை!

உள்ளே பார்த்தால் எங்கள் வரிசையில் ஜன்னல் சீட் அவருடையது. பணம் கட்டி வாங்கியதாம். அம்மா எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டு எழுந்து கொடுத்துவிட்டார். ஏ.டி.ஆர். என்ற அந்தச் சின்ன ரக விமானத்துக்கு இறக்கை ஜன்னலுக்கு மேலே என்பதால் கீழே எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கடல் தெரிந்ததும் அம்மா என் கையை விட்டார்.

பெயர் கேட்க மறந்துவிட்டேன். ரொம்ப நன்றிண்ணே.