ஞாயிற்றுக்கிழமை மின்சாரம்

கோயம்புத்தூர்
20 ஜூலை 2025

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதமும், சூரிய, காற்று மின்சாரம் பற்றிய நம் கூட்டு ஆராய்ச்சித் திட்ட வரைவும் இலங்கையிலிருந்து வந்து சேர்ந்தன. அம்மாவின் முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. படியேறக் கூடாது என்று டாக்டர் சொன்னாராமே, அம்மா கேட்கவா போகிறார்? இங்கே எல்லாரும் நலம். சின்னவள் மின்னியலை நம் தலைமுறையோடு விட்டுவிடச் சொல்லிவிட்டு உயிரியல் படிக்கப் போய்விட்டாள். ஆடி பிறந்துவிட்டதால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னல்களை அடித்துக்கொண்டே இருக்கிறது. சொந்தக் காற்றாலை வைத்திருக்கும் மில் முதலாளிகளின் முகத்தில் தெளிச்சி.

வரைவைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். பாதி பிடித்தது. முதல் பக்கம் முழுக்கச் செயற்கை நுண்ணறிவு. நிதி தருகிறவர்களுக்கு இனிக்கும், சரி. ஆனால் காற்றையும் வெயிலையும் முன்கணிக்க இன்னொரு நிரல் எழுதி நாம் எதைச் சாதிக்கப் போகிறோம்? இங்கே ஒரு நாளைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக, 96 ஆகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கணிப்பு கொடுக்கும் நடைமுறை வேரூன்றிவிட்டது. கணிப்பு தவறினால் அபராதம் என்பதால் அதற்கென்றே கூலிக்கு வேலை செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. பள்ளிக்கரணையில் தேசிய காற்று ஆற்றல் நிறுவனமும் இதைச் செய்கிறது. அவர்களிடம் இருக்கும் தரவில் பத்தில் ஒரு பங்குகூட நமக்குக் கிடைக்காது.

யாரும் எட்டிப் பார்க்காத இடம் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே இருக்கிறது. எந்த வீட்டுக் கூரையில் எந்த இன்வெர்ட்டர் (சூரியத் தகட்டின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி), அதிர்வெண் (மின்னோட்டம் வினாடிக்கு அலையும் எண்ணிக்கை; இயல்பாக 50, உற்பத்தி போதாவிட்டால் இறங்கும்) எவ்வளவு இறங்கினால் அது விலகிக்கொள்ளும், எத்தனை வினாடி பொறுக்கும், மின்சாரம் திரும்பியதும் எப்போது சேரும்? இந்தப் பட்டியல் உங்களிடம் இருக்கிறதா? எங்களிடம் இல்லை. நம் ஆராய்ச்சி இங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

இந்த ஆண்டு பிப்ரவரி 9-ஐ நினைத்துப் பார். உங்கள் பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் குரங்கு புகுந்தது என்று உலகமே சிரித்தது. குரங்கைக் குறை சொல்லி என்ன பயன்? அன்று ஞாயிறு, முற்பகல். தேவை குறைவு, வெயில் அதிகம், சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தன. அதிர்வெண் சரிந்தபோது தாங்கிப் பிடிக்கச் சுழலும் எடை போதவில்லை. தீவு முழுவதும் இருண்டது. நுரைச்சோலை அனல் நிலையம் மீண்டும் முழுமையாக ஓடுவதற்குள் அடுத்தடுத்த நாட்களில் மின்வெட்டையும் பார்த்தீர்கள். உங்கள் உச்சத் தேவை 3,000 மெகாவாட்டைக்கூட எட்டுவதில்லை. இந்தியாவின் உச்சம் 2024 மே மாதத்தில் 2,50,000 மெகாவாட்டைத் தொட்டது. தென்னக மின்கட்டமைப்பும் 2013 டிசம்பர் 31 முதல் நாட்டின் மற்றப் பகுதிகளோடு இணைந்தே ஓடுகிறது. அதே குழியில் லாரியும் இறங்கும், சைக்கிளும் இறங்கும், விழுவது சைக்கிள்தான்.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. அதிர்வெண் சரிந்தால் சில ஃபீடர்களை, அதாவது துணைமின் நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் மின்தடங்களை, துண்டித்துச் சுமையைக் குறைப்பது ரிலே என்ற தானியங்கிக் கருவியின் வேலை. அந்த ரிலேக்களைப் பொருத்திய காலத்தில் ஃபீடர் என்றால் சுமை மட்டும்தான். இன்று நண்பகலில் ஒரு ஃபீடரின் கூரைகள் அதன் தேவையைவிட அதிகமாக உற்பத்தி செய்தால், அதைத் துண்டிக்கும்போது கட்டமைப்பு சுமையையா இழக்கிறது? உற்பத்தியை அல்லவா இழக்கிறது! காப்பாற்ற வந்த ரிலேயே சரிவை வேகப்படுத்திவிடும். எந்த ஃபீடர், எந்த மாதம், எத்தனை மணிக்கு இப்படித் தலைகீழாகிறது என்று அளந்து சொல்ல முடிந்தால் அந்த ஒரு கட்டுரையே போதும்.

ஜெர்மனி இதன் மறுபக்கத்தைப் பார்த்த நாடு. அங்கே பழைய விதிப்படி அதிர்வெண் ஏறி 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டால் சூரிய இன்வெர்ட்டர்கள் எல்லாம் ஒரே நொடியில் விலகிக்கொள்ளும்படி அமைத்திருந்தார்கள். கூரைகள் பெருகிய பிறகுதான் ஆபத்து உறைத்தது. 2012-இல் தனிச் சட்டவிதி கொண்டுவந்து, 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளைத் தேடிப்போய் மாற்றினார்கள். அவர்களிடம் பட்டியல் இருந்தது, முடிந்தது. நம்மிடம் இல்லாதபோது என்ன நடக்கும்? சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் உங்கள் மின்சார சபை செய்ததுபோல, பிற்பகல் மூன்று மணி வரை தகடுகளை அணைத்து வையுங்கள் என்று மக்களைக் கெஞ்ச வேண்டியிருக்கும்.

ஆகவே என் யோசனை: கிளிநொச்சியில் ஒரு ஃபீடர், கோவையில் ஒரு ஃபீடர். உன்னுடையது வீடுகளும் கிணற்று மோட்டார்களும் கலந்தது. என்னுடையது பட்டறைகள் நிறைந்தது. வார நாட்களில் லேத்தும் மோட்டாரும் கூரைச் சூரியனை அப்படியே விழுங்கிவிடும், ஞாயிறு விடுமுறையில் மின்சாரம் பின்னோக்கிப் பாயும், மின்னழுத்தம் ஏறும். இங்கே கட்டமைப்பு பெரியது, அதிர்வெண் அவ்வளவாக அசையாது என்பதால் நான் மின்னழுத்தத்தைப் பார்க்கிறேன், நீ அதிர்வெண்ணைப் பார். ஸ்மார்ட் மீட்டர் தரவை மட்டும் நம்பியிருப்பதாக எழுதியிருக்கிறாயே, அதை மாற்றிவிடு. அது கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒரு முறை எழுதும். பிப்ரவரி 9 போன்ற விபத்து வினாடிகளில் முடிந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் அடியில் ஜிபிஎஸ் கடிகாரம் பொருத்திய வேகமான பதிவுக் கருவிகள் வேண்டும். நிறைய வேண்டாம், இரு பக்கமும் ஒரே வகையாக இருந்தால் போதும். பெரிய கணினி வாங்க நீ ஒதுக்கிய தொகையை இதற்குத் திருப்பு.

தரவு யாருக்குச் சொந்தம் என்பதை விண்ணப்பம் போடுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். முன்பொரு திட்டத்தில் ஓர் அலுவலகம் அளவீடெல்லாம் முடிந்த பிறகு வெளியிட அனுமதியில்லை என்று கையை விரித்துவிட்டது; என் மாணவன் ஆய்வேட்டின் தலைப்பையே மாற்றினான். லைன்மேன்களின் நேரத்துக்கும் பட்ஜெட்டில் பணம் வை. கூரைக்குக் கூரை ஏறி இன்வெர்ட்டரின் பெயர்ப்பலகையைக் குறித்துத் தரப்போவது அவர்கள்தான். நம் முனைவர் பட்ட மாணவர்கள் மின்கம்பத்தை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை, சொல்லடி, பொய்யா?

கடலுக்கடியில் இந்திய–இலங்கை மின்இணைப்பு பற்றிய அத்தியாயத்தை நீக்கிவிடலாமா? ஏப்ரலில் இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டதால் ஆசை வருவது இயல்புதான். ஆனால் அது அரசியல்வாதிகள் கையில் இருக்கும் கம்பி, நம் மூன்று ஆண்டுத் திட்டத்துக்குள் வராது. அதைவிட நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு கலப்பு மின்திட்டம் நமக்குப் பொருத்தம். சூரியன், காற்று, மின்கலம், டீசல் என எல்லாமே கைக்கடக்கமான அளவில். உன் மாணவி ஒருத்திக்கு அதைக் கொடு. அளவிடும் முறையை நான் இங்கிருந்து சொல்லித் தருகிறேன்.

உன் பகுதியில் மின்சார சபையின் வட்டாரப் பொறியாளரை முதலில் பார்த்துப் பேசு. கூரை இணைப்புக்கு வந்த விண்ணப்பப் படிவங்களில் இன்வெர்ட்டர் விவரம் பதிந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டு எழுது. இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் முதல் ஆண்டு முழுக்கக் கூரை ஏறுவதுதான் திட்டம். அதற்கேற்ப இரண்டாம் பகுதியைத் திருத்தி அனுப்புகிறேன்.

டிசம்பரில் கருத்தரங்குக்கு வரும்போது கொஞ்சம் ஒடியல் மாவு கொண்டுவா. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் கோவைத் தோழி