சொட்டு மருந்து நாய்க்கா, பூனைக்கா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வெயில் காலத்தில் செல்லப்பிராணிகளைப் பார்த்துக்கொள்வது பற்றிப் போன ஞாயிறு அரைப்பக்கம் போட்டிருந்தீர்கள். தண்ணீர் வைப்பது, குளிப்பாட்டுவது, உண்ணி எடுப்பது எல்லாம் சரிதான். ஆனால் மேலிருந்து கீழ்வரை "நாய், பூனைகளுக்கு" என்று இட்லி சட்னி மாதிரி சேர்த்தே எழுதியிருந்தது. அப்படிச் சேர்த்துப் பார்த்ததால் என் பூனையைச் சாகக் கொடுக்க இருந்தவள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

திருநகரில் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். கருப்பன் என்று ஒரு நாட்டு நாய், 18 கிலோ. செவலை என்று ஒரு பூனை, 3 கிலோ இருந்தால் அதிகம். இரண்டும் ஒரே சாக்கில்தான் படுக்கும்.

சித்திரை பிறந்தால் கருப்பனுக்கு உண்ணித் தொல்லை. காது மடலைப் புரட்டினால் ரத்தம் குடித்து ஊதிய உண்ணி ஆமணக்குக் கொட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்துக் கடையில் பிடரியில் சொட்டு விடுகிற மருந்து வாங்கி வந்தேன். கருப்பனுக்கு விட்டது போக டியூபில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. காசு கொடுத்து வாங்கியதைக் கீழே கொட்ட மனசு வருமா? செவலையும் காதைச் சொறிந்துகொண்டிருந்தது. அதன் பிடரியிலும் நாலு சொட்டு விட்டேன்.

விட்டது மதியம். விளக்கு வைக்கிற நேரத்தில் அதன் காது துடித்தது. ஈ உட்கார்ந்திருக்கும் என்று நினைத்தேன். பிறகு மீசை துடித்தது, அப்புறம் முதுகுத் தோல். எட்டு மணிக்கெல்லாம் உடம்பு முழுக்க மோட்டார் வைத்த தையல் மெஷின் போல அதிர்ந்தது, வாயில் எச்சில் ஒழுகியது. பழைய துண்டில் சுற்றி ஆட்டோவில் கொண்டு போனோம். டாக்டர் தொட்டுப் பார்க்கும் முன்பே, "நாய் மருந்து எதுவும் போட்டீங்களாம்மா?" என்றார். மருந்தின் அட்டையைக் காட்டினேன். ஒரு மூலையில் கடுகளவு பூனைப் படம், குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் பொடி ஆங்கில எழுத்து. தினமும் ஊசிக் கண்ணில் நூல் கோக்கிறவள் நான், எனக்கே அது படவில்லை.

நடுக்கம் அடங்க ஊசி போட்டுவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் விட்டுச் செவலையைக் கழுவினார்கள். எண்ணெய்ப் பசையுள்ள மருந்து, வெறும் தண்ணீருக்குப் போகாதாம். குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூன்றாம் நாள்தான் கருவாட்டை மோந்து பார்த்தது.

அந்த மருந்தில் இருந்தது பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி. நாயின் ஈரல் அதை உடைத்து வெளியே தள்ளிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. அதனால் மருந்து உடம்பிலேயே தங்கி நரம்பைத் தாக்குகிறது. பூனைமேல் நேராக விட வேண்டும் என்றுகூட இல்லை, சொட்டு விட்ட நாயைப் பூனை நக்கினாலும் ஆபத்துதான். மருந்து நன்றாகக் காய்ந்து முடியும்வரை இரண்டையும் பிரித்து வைக்கச் சொன்னார் டாக்டர்.

பாராசிட்டமால் கதையும் இதே ஈரல் கதைதான். செவலைக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது இன்னொருவர் கூடையில் பூனையோடு வந்தார். உடம்பு சுடுகிறதே என்று அரை மாத்திரையைப் பொடித்துப் பாலில் கொடுத்திருக்கிறார். பூனைக்கு முகம் வீங்கி, ஈறு பழுப்பேறிக் கிடந்தது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய்விடுகிறதாம். அரை மாத்திரையே ஒரு பூனையின் உயிரை எடுக்கப் போதும். அவர் வெறும் கூடையோடுதான் திரும்பிப் போனார். நாய்க்கும் நம் வலி மாத்திரைகளைக் கொடுக்கக் கூடாது, ஐபுரூஃபன் அதன் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

கறுப்புப் பினாயிலும் அப்படித்தான். தரை துடைத்த ஈரத்தில் பூனை நடக்கும், பிறகு உட்கார்ந்து பாதத்தை நக்கும். இப்போது பினாயில் போட்டால் நல்ல தண்ணீரில் இன்னொரு முறை துடைத்து, காய்ந்த பிறகுதான் செவலையை உள்ளே விடுகிறேன். சேலைப் பெட்டியில் போடும் அந்துருண்டையும் இரண்டுக்குமே விஷம்.

என் தொழிலிலேயே ஓர் ஆபத்து இருக்கிறது, நூல். பூனையின் நாக்கில் முள் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால் வாயில் போன நூலைத் துப்ப வராது, விழுங்கிக்கொண்டேதான் போகும். அது குடலைச் சுருக்குப் பை மாதிரி இழுத்துச் சுருட்டிவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நுனி தொங்கினால் கையால் இழுக்கவே கூடாது, குடல் அறுந்துவிடும். மல்லிகைப்பூ பூனைக்கு ஒன்றும் செய்யாது, அதைக் கட்டிய நூல்தான் செய்யும். மதுரையில் வாடின சரத்தைக் கழற்றி நிலைக்கதவில் மாட்டாத வீடு உண்டா?

உண்ணிக்கு வருகிறேன். சொட்டு மருந்து பாதி வேலைதான். குஞ்சு உண்ணி நாயிடம் ரத்தம் குடித்துவிட்டுக் கீழே இறங்கிவிடும், சுவரில் ஏறிச் சந்தில் ஒளிந்து தோல் உரித்துவிட்டு மறுபடி நாயைத் தேடி வரும். பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடுவதும் அந்தச் சந்துகளில்தான். எங்கள் வீடு பழைய வீடு, விரிசலுக்குப் பஞ்சமில்லை. நாய் படுக்கிற மூலையின் விரிசல்களைச் சிமெண்ட் வைத்து அடைத்து, சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் போட்ட பிறகுதான் உண்ணி குறைந்தது. நெருப்புக் குச்சியால் சுடுவது, மண்ணெண்ணெய் தடவுவது எல்லாம் நாய்க்குத்தான் கேடு. சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். நாய் சாப்பிடாமல் சுருண்டு கிடந்து ஈறும் வெளுத்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், நாள் கடத்தக் கூடாது.

நீங்கள் நாயையும் பூனையையும் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டிய இடமும் ஒன்று உண்டு. வெறிநோய்த் தடுப்பூசி. கருப்பனுக்கு வருஷா வருஷம் போட்டேன், செவலைக்கு இந்த ஆஸ்பத்திரிப் பயணம் வரை போட்டதே இல்லை. பூனையாலும் வெறிநோய் வரும். 3 மாதத்தில் முதல் ஊசி, பிறகு ஆண்டுதோறும். கடித்தாலும் பிறாண்டினாலும் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் அப்புவதை இன்னும் எங்கள் தெருவில் பார்க்கிறேன்.

மருந்து விற்கிற கடைக்காரர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். "நாய்க்கா, பூனைக்கா? எத்தனை கிலோ?" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். எனக்கு விற்றவர் இரண்டையும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மருந்து தயாரிப்பவர்கள் "பூனைக்குப் போடாதீர்கள்" என்று தமிழில், கண்ணுக்குத் தெரிகிற அளவில் அச்சடிக்க வேண்டும். நீங்களும் அடுத்த முறை நாய்க்கு ஒரு பத்தி, பூனைக்கு ஒரு பத்தி என்று பிரித்துப் போடுங்கள். இடம் போதாவிட்டால் குளிப்பாட்டுகிற பகுதியைக் குறைத்துக்கொள்ளலாம், பூனை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
தையல் கடை நடத்தும் வாசகி,
திருநகர், மதுரை.