ஒப்பனை அறைக்கு எத்தனை படி?

ஆசிரியருக்கு வணக்கம்.

நாடக அரங்குகளில் சக்கர நாற்காலிக்கு இடம் ஒதுக்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவசியமான கட்டுரைதான். ஆனால் அதில் வரும் மாற்றுத்திறனாளி டிக்கெட் வாங்குகிறார், நாடகம் பார்க்கிறார், வீட்டுக்குப் போகிறார். அவர் நடிக்க வந்தால்?

2019இல் ‘ஒக்லஹோமா!’ இசை நாடகத்துக்காக, அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனி விருதைப் பெற்றார் நடிகை அலி ஸ்ட்ரோக்கர். சக்கர நாற்காலியில் இயங்கும் நடிகர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. பார்வையாளர் பகுதியிலிருந்து விழா மேடைக்கு ஏறச் சாய்தளம் இல்லை. அதனால் பெயர் அறிவிக்கப்படும் முன்பே அவர் மேடைக்குப் பின்னால் போய்க் காத்திருக்க வேண்டியிருந்தது. பார்வையாளர் பகுதியைச் சரிசெய்பவர்கள் மேடையின் பின்புறத்தைக் கவனிப்பதில்லை என்று அன்றிரவே செய்தியாளர்களிடம் சொன்னார்.

மேடைக்கே இந்தக் கதி என்றால் பயிற்சி அறையைக் கேட்கவே வேண்டாம். பல ஆண்டுகளாக நடிப்புப் பட்டறை நடத்தியவன் என்பதால் என் தவறையே சொல்கிறேன். “இரண்டு காலையும் ஊன்றி, முதுகை நிமிர்த்தி, நடுநிலையில் நில்லுங்கள்” என்றுதான் ஒவ்வொரு காலையும் தொடங்குவேன். ஊன்றுகோலோடு வந்த ஒரு பெண் கேட்டார்: “சார், நீங்க சொல்ற நடுநிலை என் உடம்புல இல்லையே. நான் எங்கேருந்து ஆரம்பிக்கிறது?” “முடிஞ்சதைச் செய்யும்மா” என்றேன். கனிவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். மூன்றாம் நாள் அவர் வரவில்லை.

அந்தப் பயிற்சி எதற்கு என்று நான் யோசித்ததே அதற்குப் பிறகுதான். உடலின் பாரம் எங்கே இறங்குகிறது, மூச்சு எங்கே தங்குகிறது என்று நடிகர் அறிந்துகொள்வதற்கு. அதை நாற்காலியில் உட்கார்ந்தும் அறியலாம், ஊன்றுகோலில் சாய்ந்தும் அறியலாம். இப்போது “உங்கள் பாரம் எங்கே இருக்கிறது?” என்று கேட்டே தொடங்குகிறேன். இரண்டு கால் உள்ளவர்களுக்கும் இதில் கூடுதலாகப் பிடிபடுகிறது என்பது நான் எதிர்பாராத லாபம்.

மற்றவையும் இப்படிச் சின்ன விஷயங்கள்தான். பார்வையற்ற நடிகருக்கு நாடகப் பிரதியைப் படமாக ஸ்கேன் செய்து அனுப்பினால் எழுத்தைக் குரலாக வாசிக்கும் திரைவாசிப்பான் மென்பொருள் பெரும்பாலும் வாயே திறக்காது. தட்டச்சு செய்த கோப்பாக, சில நாள் முன்னதாகவே அனுப்ப வேண்டும். ஒத்திகைக்கு முன் மேடையைத் தொட்டு, நடந்து பார்க்க அவருக்கு நேரம் தர வேண்டும். காது கேளாதவர் இருக்கும் ஒத்திகையில் சைகைமொழிபெயர்ப்பாளர் ஒருவர் போதும் என்று மிச்சம் பிடிக்கிறார்கள். நாள் முழுக்க ஒரே ஆளின் கை தாங்காது. இருவர் மாறி மாறிச் செய்ய வேண்டிய வேலை அது. தேநீர் இடைவேளையில் அந்த மொழிபெயர்ப்பாளர்களை அனுப்பிவிடுவது இன்னொரு கூத்து. இயக்குநர் பாதி முடிவுகளை எடுப்பதே அந்த இடைவேளையில்தான்!

எனக்குக் கோபம் வருவது ஒரு வாரயிறுதியில் முடிந்துவிடும் ‘சிறப்பு முகாம்’களைப் பார்த்தால்தான். ஒரு சான்றிதழ், ஒரு குழுப்படம், அவ்வளவு. ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் 1987இல் தொடங்கிய பேக் டு பேக் நாடகக் குழுவில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களாகக் கருதப்படும் நடிகர்களே சேர்ந்து நாடகங்களை உருவாக்குகிறார்கள். அந்தக் குழுவுக்கு 2022இல் நாடகத்துக்கான உலக விருதான சர்வதேச இப்சன் விருது கிடைத்தது. ஆண்டுக்கணக்கில் கூடி உழைத்ததன் பலன் அது. அந்த உழைப்புக்குச் சம்பளமும் வேண்டும்.

நடிப்போடு நிற்கவும் வேண்டாம். லண்டனில் 1980இல் தொடங்கிய, மாற்றுத்திறனாளிகளின் கிரேயே நாடகக் குழுவை 1997 முதல் பல்லாண்டுகள் வழிநடத்திய ஜென்னி சீலி காது கேளாதவர். 2012 பாராலிம்பிக் தொடக்க விழாவை இயக்கிய இருவரில் அவரும் ஒருவர். இயக்கம், ஒளியமைப்பு, மேடை நிர்வாகம் ஆகியவற்றிலும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பயிற்சி கிடைத்தால், நாளை என்னைப் போன்றவர்களுக்குப் பாடம் எடுக்க அவர்களே வருவார்கள்.

மாற்றுத்திறனாளிகள் தங்கள் கலைத்திறனை வளர்த்துக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும் என்று, அவர்களின் உரிமைகளுக்கான 2006இன் ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு சொல்கிறது. அவர்கள் நலனுக்காக மட்டுமின்றிச் சமூகத்தின் வளத்துக்காகவும் என்று அதிலேயே இருக்கிறது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஓர் அரங்கைப் பற்றி எழுதும்போது, ஒப்பனை அறைக்கு எத்தனை படி ஏற வேண்டும் என்பதையும் எண்ணி எழுதும்படி தங்கள் நிருபரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நடிப்புப் பயிற்சியாளர் ஒருவர்