சர்வீஸில் பாதுகாப்பு ஸ்விட்சை முடக்கியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
உடற்கல்வி ஆசிரியர்,
அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி,
கும்பகோணம் வட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

பழைய மாணவர்கள் பணம் போட்டு எங்கள் பள்ளித் திடலுக்கு வாங்கிக் கொடுத்த, உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் இயந்திரத்தை ஆண்டுப் பராமரிப்புக்காக உங்கள் சர்வீஸ் சென்டரில் விட்டோம். முழுத் தொகையையும் கட்டித்தான் எடுத்து வந்தோம்.

வந்த பிறகு முதல் தடவை ஓட்டும்போதே, குறுக்கே கிடந்த தென்னை மட்டையை எடுத்துப் போட எங்கள் ஊழியர் சீட்டை விட்டு எழுந்தார். பிளேடு சுற்றும்போது ஆள் எழுந்தால் இன்ஜின் உடனே அணைய வேண்டும். அணையவில்லை, பிளேடும் நிற்கவில்லை. சீட்டைத் தூக்கிப் பார்த்தால், அடியில் இருக்கும் ஸ்விட்சின் கனெக்டரைக் கழற்றிவிட்டு, இரண்டு ஒயரையும் முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது. போனில் கேட்டதற்கு உங்கள் மெக்கானிக், "அது அடிக்கடி மக்கர் பண்ணும் சார், அதான் டைரக்ட் கொடுத்துட்டேன்" என்றார். சாயங்காலம் பந்து பின்னாலேயே பிள்ளைகள் ஓடி வரும் திடல் இது. ஸ்விட்ச் பழுதென்றால் புதிது போட்டு அதற்கும் பில் கொடுத்திருக்கலாம். சொல்லாமல் கொள்ளாமல் முடக்கியதை எந்த விதத்திலும் ஏற்க முடியாது.

அப்புறம்தான் மற்றதையும் பார்த்தோம். ஜாப் கார்டில் எல்லா வேலைக்கும் டிக் போட்டிருக்கிறது. ஆயில் கம்பியை உருவினால் கன்னங்கரேலென்று பழைய ஆயில். உங்கள் கையேடே 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. ஏர் ஃபில்டரில் அறுவடைக் காலத்துத் தூசி அப்படியே இருக்கிறது. பிளேடுக்குச் சாணை பிடித்ததாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கல்லில் அடிபட்ட பல் மாறவே இல்லை. நடுத்துளையை ஆணியில் மாட்டினால் ஒரு பக்கம் தாழ்கிறது. எடை சரியில்லாத பிளேடு அதிர்ந்து அதிர்ந்து பேரிங்கைத் தின்றுவிடும்.

டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழையில் புல்லும் கோரையும் மளமளவென்று வளரும். ஈரப் புல் களிமண்ணோடு சேர்ந்து, பிளேடை மூடியிருக்கும் தகட்டுக் கூடான டெக்கின் அடியில் அடை அடையாக அப்பிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுக்காவிட்டால் உள்ளே காற்று சுழலாது, புல் நிமிராது, வெட்டும் மேடு பள்ளமாக விழும், தகடும் துருப்பிடிக்கும். இந்தப் பக்கம் சர்வீஸ் என்றால் முதல் வேலையே இதுதான். அதைக்கூடத் தொடவில்லை.

நாங்கள் கேட்பது இவைதான். கம்பெனி ஸ்விட்சை எங்கள் பள்ளிக்கே வந்து பொருத்தி, சீட்டிலிருந்து எழுந்தால் இன்ஜின் அணைகிறதா என்று எங்கள் முன்னால் சோதித்துக் காட்ட வேண்டும். பணம் வாங்கிவிட்டுச் செய்யாத வேலைகளை இலவசமாக முடித்துத் தர வேண்டும். அதே மெக்கானிக் கைவைத்த மற்ற இயந்திரங்களையும் திரும்ப அழைத்துப் பாருங்கள். அவற்றில் ஏறுபவர்களுக்கு இந்த விஷயமே தெரியாமல் இருக்கலாம்.

15 நாளில் எழுத்துப்பூர்வமாகப் பதில் வராவிட்டால், 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர்வோம். அதுவரை வண்டியின் சாவி தலைமையாசிரியர் அறையில்தான் இருக்கும்.

ஜாப் கார்டு, பில் நகல்கள், டேப் சுற்றிய ஒயரின் படங்கள் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர்