கோமதிக்கு: செடி விளக்கும் கரண்ட் பில்லும்

கள்ளிடைக்குறிச்சி

அன்பு மகள் கோமதிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை. ஆச்சிதான் உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

செடிக்குப் போடுகிற அந்த க்ரோ லைட்டுக்குக் கரண்ட் பில் எவ்வளவு ஏறும் என்று போனில் கேட்டாய். மில்லில் அப்போது மிளகாய் வத்தல் ஓடிக்கொண்டிருந்தது, நீ பேசியதில் பாதிதான் காதில் விழுந்தது. போனில் சொல்லித் தீர்கிற கணக்கும் இல்லை அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மாப்பிள்ளையும் கூட இருந்து படிக்கட்டும், ஏனென்றால் அவர் போட்டுச் சொன்ன முந்நூறு ரூபாயில்தான் எனக்கு ஒரு பேச்சு இருக்கிறது.

அவர் கணக்கின் முதல் பாதி சரி. 100 வாட் விளக்கு, தினம் 14 மணி நேரம், 60 நாள். பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 84 யூனிட். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், அவ்வளவுதான் விஷயம். நம் மில்லில் 10 எச்பி மோட்டார் முழு லோடில் மணிக்கு எட்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும். உன் விளக்கு இரண்டு மாதம் எரிந்து தின்பதை நான் ஒரே நாள் அரைப்பில் தின்றுவிடுவேன். யூனிட்டாகப் பார்த்தால் பெரிய சமாச்சாரம் இல்லை.

ஆனால் அந்த 100 வாட் உண்மையிலேயே 100 வாட்தானா என்று முதலில் பார். மோட்டார் தகட்டில் 10 எச்பி என்று போட்டிருந்தால் அது தண்டில் தருகிற வேலை. லைனிலிருந்து வாங்குவது அதைவிட அதிகம். க்ரோ லைட் பெட்டிகளில் இது தலைகீழ். மேலே கொட்டை எழுத்தில் 1000 வாட் என்று இருக்கும். கீழே பொடி எழுத்தில், அது பழைய மாதிரி விளக்கின் ஆயிரம் வாட்டுக்குச் சமம் என்று ஒரு சமாதானம். உள்ளே இழுப்பது நூறோ இருநூறோதான். சில மலிவுச் சாமானில் அந்தச் சமாதானமும் வெறும் பேச்சுதான். அதனால் பெட்டியை நம்பாதே. விளக்கோடு வரும் டிரைவர் என்கிற சின்னப் பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார். இன்புட் என்று போட்டிருக்கும் வாட்தான் மீட்டரில் ஏறும்.

சீட்டும் இல்லை என்றால் மீட்டரையே கேட்டுவிடலாம். மில்லில் பேரிங் தேய்ந்து மோட்டார் கூட இழுக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் நான் செய்கிற வழி இது. உங்கள் வீட்டு மீட்டரில் ஒரு சிவப்புப் பொட்டு விட்டு விட்டு மின்னும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று அச்சடித்திருக்கும், 3200 என்றோ 1600 என்றோ. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிடு. பிரிட்ஜ், வைஃபை, போன் சார்ஜர் எதுவும் விடாதே. க்ரோ லைட் மட்டும் எரியட்டும். ஒரு மின்னலில் ஆரம்பித்து, அடுத்து வரும் பத்தாவது மின்னல் வரை எத்தனை விநாடி என்று போனில் பார்த்துக்கொள். மீட்டர் 3200 என்றால், 11,250-ஐ அந்த விநாடியால் வகு. வருவது வாட். 112 விநாடி ஆனால் விளக்கு 100 வாட். 170-க்கு மேல் போனால் அது 65 வாட்தான் இழுக்கிறது, அதாவது உனக்கு விற்றவன் நூறு என்று சொல்லி ஏமாற்றியிருக்கிறான். பில்லுக்கு அது நல்லது, செடிக்கு நல்லதில்லை. மீட்டரில் 1600 என்று இருந்தால் 22,500-ஐ வகுக்க வேண்டும்.

சரி, இப்போது மாப்பிள்ளையின் இரண்டாவது பாதி. போன பில் தொகையை யூனிட்டால் வகுத்திருக்கிறார். யூனிட் மூன்று ரூபாய்ச் சொச்சம் வந்திருக்கிறது. அதை 84-ஆல் பெருக்கி முந்நூறுக்குள் அடங்கிவிடும் என்கிறார். இங்கேதான் இடிக்கிறது. வீட்டு மின்சாரத்தில் எல்லா யூனிட்டும் ஒரே விலை இல்லை. இரண்டு மாத பில்லில் முதல் நூறு இலவசம் என்று 2016-ல் வந்தது. அதற்கு மேலே படிப்படியாக ஏறும். ஏற்கெனவே ஓடுகிற பிரிட்ஜும் மின்விசிறியும் மலிவான யூனிட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டுவிட்டன. புதிதாக வருகிற விளக்கு கடைசியில்தான் நிற்கும், கடைசி விலையைத்தான் கொடுக்கும். சராசரி விலை அதற்குக் கிடைக்காது.

கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். 2022 செப்டம்பரில் வந்த விலையை வைத்துக்கொள்வோம். 2024 ஜூலையில் சில்லறை ஏறியது, உன் பில்லில் நான் சொல்வதைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், ஆனால் முழு எண்ணாக இருந்தால் மனக்கணக்குக்கு வசதி. 101 முதல் 200 வரை யூனிட் இரண்டே கால் ரூபாய். 400 வரை நாலரை. 500 வரை ஆறு. நீங்கள் இரண்டு மாதத்துக்கு 450 யூனிட் ஓட்டுகிறீர்கள் என்றாய். அப்படியானால் 225, அதோடு 900, அதோடு 300, ஆக 1,425 ரூபாய். அதில் 84-ஐக் கூட்டு. 534. ஐநூறைத் தாண்டியாயிற்று.

ஐநூறைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது பலருக்குத் தெரியாது. ஐநூறுக்கு மேலே உள்ள யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்பது மட்டும் இல்லை. அந்த இரண்டே கால் ரூபாய்ப் படியையே உருவிவிடுவார்கள். 101-லிருந்தே நாலரை ரூபாய் என்று ஆகிவிடும். 500-ல் நின்றவனுக்கும் 501-க்குப் போனவனுக்கும் ஒரே ஒரு யூனிட்தான் வித்தியாசம், ரூபாயில் இருநூறுக்கு மேல். ஆகவே 534-க்கு 1,350, 600, 272, மொத்தம் 2,222. பழைய பில்லிலிருந்து 797 ரூபாய் கூடுதல். 84 யூனிட்டுக்கு 797 என்றால் யூனிட் ஒன்பதரை ரூபாய் விழுகிறது! மாப்பிள்ளை மூன்று என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. பில்லில் மொத்தத்தைப் பார்த்து வகுத்தால் யாருக்கும் அதுதான் வரும்.

இதே விளக்கு மார்கழி, தையில் வேறு விலைக்கு எரியும். அப்போது ஏசி ஓடாது, 300 யூனிட்டோடு நிற்பீர்கள். 84-ம் நாலரை ரூபாய்ப் படியிலேயே விழும், 378 ரூபாய்தான். சித்திரை, வைகாசியில் ஏசி ஓடி ஏற்கெனவே அறுநூறைத் தாண்டியிருந்தால் யூனிட் ஒன்பது ரூபாய், 756. ஒரே விளக்கு, ஒரே நேரம். யாராவது "எங்க வீட்ல இதுக்கு மாசம் இவ்வளவுதான் ஆகுது" என்று சொன்னால் காதில் வாங்கிக்கொள், ஆனால் அதை உன் வீட்டுக்கு எடுத்து ஒட்டாதே.

இவ்வளவும் மின்வாரிய மீட்டர் உங்கள் போர்ஷனுக்குத் தனியாக இருந்தால்தான். வீட்டுக்காரர் சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை என்று வாங்குகிறவர் என்றால் படியும் இல்லை, இலவசமும் இல்லை. அவர் சொல்கிற விலையை 84-ஆல் பெருக்கிக்கொள், முடிந்தது. இதை நீ சொல்லவே இல்லை, கேட்டுச் சொல்.

அப்புறம், விளக்கைப் படுக்கையறையில் வைக்கப் போவதாகச் சொன்னாய். வேண்டாம். எல்இடியாக இருந்தாலும் அது வாங்குகிற 100 வாட்டும் கடைசியில் அந்த அறையில் சூடாகத்தான் முடியும். ஏசி ஓடுகிற அறையானால் அந்தச் சூட்டை வெளியே தள்ள ஏசி, விளக்கு தின்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கரண்டைக் கூடச் செலவழிக்கும். இராத்திரி எட்டு மணி நேரம் இரண்டும் சேர்ந்து ஓடினால் இரண்டு மாதத்துக்கு 16 யூனிட் சும்மா போகும். ஹாலில் வை, இல்லை அடுக்களைக்குப் பக்கத்தில் வை. வீட்டு மீட்டருக்கு இராத்திரி ஒரு விலை, பகல் ஒரு விலை என்று கிடையாது. ஆகவே எந்த நேரத்தில் எரிய விட்டாலும் காசு அதேதான். வெயில் தாழ்ந்த பிறகு எரிய விட்டால் பகலில் வீட்டில் புழுக்கம் கூடாது, அவ்வளவுதான்.

மண் இல்லாமல் தண்ணீரிலேயே கீரை வளர்க்கும் செட் ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறாயாமே. அதில் 18 வாட் பம்பு என்று அம்மா சொன்னாள். விளக்கைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இந்தப் பம்பை எண்ணவே மாட்டார்கள். 18 வாட்தானே என்று 24 மணி நேரமும் விட்டால் இரண்டு மாதத்துக்கு 26 யூனிட். டைமர் போட்டு மணிக்குக் கால் மணி நேரம் ஓட விட்டால் ஆறரை யூனிட்டோடு போகும். வேர் அதற்குள் காயாத மாதிரியான செட்தானா என்று விற்கிறவனிடம் கேட்டுவிட்டு வாங்கு. சின்னச் சாமான் நாள் முழுக்க ஓடினால் பெரிய சாமான் கொஞ்ச நேரம் ஓடுவதைவிட அதிகம் தின்னும், மில்லில் இதை நான் தினமும் பார்க்கிறேன்.

அப்படியானால் விளக்கே வேண்டாம் என்கிறாயா அப்பா என்று கேட்பாய். இல்லை. உன் ஜன்னலை மறைத்துக்கொண்டு பக்கத்து அடுக்குமாடி நிற்கிறது என்றால் கீரைக்கு வேறு வழி கிடையாது. இங்கே அப்பளம் போடுகிறவர்கள் உளுந்தை நம்மிடம் அரைத்துக்கொண்டு போய், இட்டதை மொட்டை மாடியில் வெயிலில் போடுகிறார்கள். வெயிலுக்கு யாரும் ரீடிங் எடுக்க வருவதில்லை. உனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, காசு கொடுத்து வாங்குகிறாய். வாங்குவதைக் கொஞ்சம் பார்த்து வாங்கு, அதுதான் நான் சொல்வது.

100 வாட் பேனல் ஒன்றுக்குப் பதில் 30 வாட் டியூப் மாதிரி இரண்டு வாங்கு. செடிக்கு அரை அடி உயரத்தில் தொங்கவிடு. விளக்கைத் தாழ இறக்கினால் இலையில் விழும் வெளிச்சம் கூடும், மீட்டருக்கு அது தெரியவே தெரியாது. இலை நுனி கருகினால் ஒரு சாண் ஏற்று. பின்னாலும் பக்கத்திலும் வெள்ளைச் சார்ட் பேப்பர் ஒட்டு, சிதறிப் போகும் வெளிச்சம் திரும்பி வரும். வெந்தயக்கீரை, சிறுகீரை, புதினாவுக்கு 12 மணி நேரம் போதும். மிளகாய், தக்காளி காய்க்க வேண்டும் என்றால் இந்த வெளிச்சம் பற்றாது, அந்த ஆசையை விடு. கறிவேப்பிலைக்கும் அப்படித்தான், அதை ஜன்னல் ஓரம் வைத்துப் பார். வயலட் நிறத்தில் எரிகிற விளக்கு வேண்டாம். வெள்ளையிலும் செடி வளரும், வீட்டில் மனிதர் இருக்கவும் முடியும்.

விலை கொஞ்சம் கூடினாலும், ஒரு ஜூலுக்கு எத்தனை மைக்ரோமோல் என்று போட்டிருக்கிற விளக்காகப் பார், வாங்குகிற கரண்டுக்குச் செடிக்கு உதவுகிற வெளிச்சம் எவ்வளவு தருகிறது என்கிற கணக்கு அது. 1.25 உள்ளதும் 2.5 உள்ளதும் ஒரே வாட் தின்றால், இரண்டாவது இரண்டு மடங்கு வெளிச்சம் தரும். அதைப் போடாமல் வெறும் லூமென் போட்டிருந்தால், அது மனிதக் கண்ணுக்கு ஏற்ற கணக்கு, இலைக்கு இல்லை.

60 வாட், 12 மணி நேரம், 60 நாள் என்றால் 43 யூனிட். உன் 450-ஓடு 493. ஐநூறுக்குள் நிற்கும், கூடுதல் 260 ரூபாய்க்குள் முடியும். ஏழு யூனிட்தான் இடைவெளி, மாப்பிள்ளை வீட்டார் வந்து இரண்டு நாள் ஏசி ஓடினால் போய்விடும். ஆகவே ரீடிங் எடுக்க ஆள் வருவதற்குப் பத்து நாள் முன்னே நீயே மீட்டரைப் பார்த்து, போன ரீடிங்கைக் கழித்துக்கொள். 420-ஐத் தொட்டிருந்தால் அந்தப் பத்து நாளுக்கு விளக்கை எட்டு மணி நேரமாகக் குறைத்துவிடு. கீரை அதற்காகச் செத்துப் போகாது.

797 ரூபாய்க்கு, கட்டு இருபது ரூபாய் என்றாலும் கிட்டத்தட்ட நாற்பது கட்டுக் கீரை வாங்கலாம். 260-க்குப் பதின்மூன்று கட்டு. இரண்டு மாதத்தில் உன் தொட்டியில் பதின்மூன்று கட்டு பறிப்பாயா என்று நீயே யோசித்துக்கொள். பறிக்காவிட்டாலும் மருந்தடிக்காத கீரை, கண்ணுக்குப் பச்சை என்று ஒரு கணக்கு உண்டு. அதற்கு நான் விலை போடவில்லை.

அம்மா ஒன்று கேட்கச் சொன்னாள், இந்தக் கரண்ட் எங்கிருந்து மெட்ராசுக்கு வருகிறது என்று. எல்லாம் ஒரே லைனில் கலந்துதான் வருகிறது, இன்னாருடையது என்று பிரிக்க முடியாது என்றேன். கூடங்குளம் இருக்கிறது. ஆனி ஆடியில் பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலை விடாமல் சுற்றுகிறது. 1944-லிருந்து ஓடுகிற நம் பாபநாசம் பவர் ஹவுசும் இருக்கிறது. "அப்ப நம்ம ஆத்துத் தண்ணியும் அவ கீரைக்குப் போவுதுன்னு சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டேன்.

டைமரைச் சுவர் பிளக்கில் நேரே சொருகு, எக்ஸ்டென்ஷன் பெட்டியைச் செடித் தொட்டிக்குக் கீழே தரையில் போடாதே. வயர் தொங்கும்போது கீழே ஒரு வளைவு விட்டுப் பிளக்குக்கு ஏற்று, தண்ணீர் வழிந்தால் அந்த வளைவில் சொட்டிவிடும்.

கடைசி மூன்று பில்லையும், மீட்டரில் 3200-ஆ 1600-ஆ என்பதையும் போட்டோ எடுத்து அனுப்பு. சப்மீட்டர் விஷயத்தையும் கேட்டுச் சொல். விளக்கை அதற்கு அப்புறம் வாங்கலாம். வெந்தய விதை அம்மா கால் கிலோ கட்டி வைத்திருக்கிறாள், அடுத்த வாரம் மெட்ராஸ் வருகிற ஆளிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அப்பா